புகையும் எல்லையும்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு கடந்து பாலக்காடு செல்லும் பேருந்தில் இன்று ஒருவர் பீடி பற்றவைத்தால் உடன் பயணிப்போர் தடுப்பர். முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலை வேறு. முன்னிருக்கையில் ஒருவர் புகைவிட, பின்னிருக்கையில் குழந்தை இருமும். அதை எவரும் குற்றமெனக் கருதியதில்லை.

இந்நிலையை மாற்றிய தீர்ப்பு கேரளத்தில் பிறந்தது. 1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்னும் வழக்கில், பொது இடங்களில் புகைபிடித்தல் சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரணானது எனக் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. தீர்ப்பளித்த இருவருள் ஒருவர் தேவகோட்டைத் தமிழரான நீதிபதி ஏ.ஆர். இலட்சுமணன், மற்றவர் நீதிபதி கே. நாராயண குரூப்.

இத்தீர்ப்புக்காகப் புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை என்பதே வியப்பு. காற்றை நலக்கேடாக்குவது குற்றம் என 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 278ஆம் பிரிவு இருந்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையை அளித்திருந்தது. இரண்டையும் நீதிமன்றம் இணைத்துப் பார்த்தது. புகைப்பவரைத் திருத்துவதன்று, புகைக்காதவரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். பிறர் விடும் புகையைச் சுவாசித்தே உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பதை எண்ணினால் அந்நோக்கத்தின் நியாயம் விளங்கும்.

2001இல் உச்சநீதிமன்றமும் இதே வழியில் ஆணையிட்டது. 2003இல் நாடு முழுமைக்குமான புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் கடுமையாயின. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டத்தொகை. கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு எங்குமே விற்கக் கூடாது.

இச்சட்டம் எல்லையின் இருபுறமும் ஒன்றே. விளைவோ ஒன்றாக இல்லை. தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 21.4 விழுக்காடு, 2016-17இல் 12.7 விழுக்காடு. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 விழுக்காடு 20 ஆக உயர்ந்தது. சட்டம் ஒன்றினாலேயே பழக்கம் மாறிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றொன்று, மெல்லும் புகையிலை. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்கின்றன. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை குளிரையும் பசியையும் மறக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. இதிலிருந்து புகை எழுவதில்லை, அருகிலிருப்போர் முறையிடுவதுமில்லை. ஆகவே பொது இடத் தடை இதைத் தீண்டுவதில்லை. வாய்ப்புற்றுநோயோ மெல்லுபவரையும் விட்டுவைப்பதில்லை.

குட்காவைக் கேரளம் 2012 மே மாதத்தில் தடைசெய்தது; தமிழ்நாடு 2013 மே மாதத்தில். இடைப்பட்ட ஓராண்டில் வாளையாற்றுக்கு மேற்கே தடைசெய்யப்பட்ட பொட்டலம், கிழக்கே கடைகளில் வெளிப்படையாகத் தொங்கியது.

வினாக்கள்

1. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு எவ்விரு சட்டப்பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டது?

2. ‘பொது இடத் தடை இதைத் தீண்டுவதில்லை.’ எதை? ஏன்?

3. உன் பள்ளி வாயிலிலிருந்து 100 கஜத்துக்குள் உள்ள கடைகளைப் பார்வையிட்டு, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.