சூரிய சக்தியை அளக்கும் கலை

சூரிய மின் நிலையம் அமைக்க முற்படுவோர் முதலில் அறிய வேண்டுவது, அவ்விடத்தில் வெயில் எவ்வளவு விழுகிறது என்பதாகும். "எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை" என ஊரார் கூறுவது மெய்யே. எனினும் அதைக் கொண்டு கணக்கிட இயலாது. ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் தருமென்று நம்பிக் கடன் பெற்றிருப்பதாகக் கொள்வோம். வெயிலின் அளவு நூற்றுக்கு ஐந்து பங்கு மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தால், ஆண்டுதோறும் சுமார் 70,000 யூனிட் குறையும். கடன் தவணையோ குறையாது.

இவ்வளவீட்டை இந்நாட்டில் முறைப்படுத்திய பணி புனே நகரில் நடைபெற்றது. 1957-58-ஆம் ஆண்டுகளில் சர்வதேச பூபௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டபோது, இந்திய வானிலை இலாகா கதிர்வீச்சு நிலையங்களை நிறுவியது. அதற்குப் பொறுப்பேற்றவர் அன்னா மணி என்னும் அம்மையார். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்த அவர், 1948-இல் புனே அலுவலகத்தில் சேர்ந்தார். கருவிகளுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திராமல், அவற்றை இங்கேயே செய்யும் ஏற்பாட்டையும் செய்தார். தவறான அளவைக் காட்டிலும் அளவே இல்லாதிருத்தல் மேல் என்பது அவர் கொள்கை. அவர் தொகுத்த இந்தியச் சூரியக் கதிர்வீச்சு விவரக் கையேடு 1980-இல் வெளிவந்தது.

பைரனோமீட்டர் என்னும் கருவியின் அமைப்பு எளியது. இரு கண்ணாடிக் கவிகைகளின் கீழ் கரிய தகடு ஒன்று உள்ளது. வெயிலில் தகடு சூடேறும்; அச்சூட்டினால் அதனடியிலுள்ள உலோக இணைப்புகளில் நுண்ணிய மின்னழுத்தம் எழும். அதை அளந்தால் கதிர்வீச்சு தெரியும். ஆனால் கவிகையின்மேல் புழுதி படிந்தால் அளவு குறையும். கருவி சிறிது சாய்ந்தாலும் பிழை நேரும். கரிய பூச்சு நாளடைவில் வெளிறும். கருவியைக் குறித்த காலந்தோறும் தரக்கருவியுடன் ஒப்பிட வேண்டுவது இதனாலேயே. புனேயிலுள்ள தரக்கருவிகள் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள உலகத் தரத்தோடு ஒப்பிடப்படுகின்றன. கண்ணாடியைத் துடைப்பது சிறு வேலையாகத் தோன்றலாம். நிலைய ஊழியர் அதைத் தவறவிட்ட நாளின் குறிப்பைப் பின்னர் எவராலும் திருத்த முடியாது.

தேசிய சூரிய சக்தித் திட்டம் 2010-இல் தொடங்கியபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது குறிக்கோள். 2015-இல் அது ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் அந்த அளவு எட்டப்பட்டது. இதற்கிடையே, 2011 முதல் சென்னையிலுள்ள காற்று சக்தி நிறுவனமும் பல மாநிலங்களில் அளவீட்டு நிலையங்களை அமைத்தது.

பைரனோமீட்டர் பொதுவாகக் கிடைமட்டத்தில் வைக்கப்படுகிறது. மின் தகடுகளோ தெற்கு நோக்கிச் சாய்வாக நிறுத்தப்படுகின்றன. சாய்வு ஏறக்குறைய அவ்வூரின் அட்சரேகையை ஒத்திருக்கும். இதை மாணவர்க்கு விளக்க ஒரு மீட்டர் நீளக் கோலே போதும். மார்ச் 21-ஆம் தேதி வெட்டவெளியில் அதைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கவும். புனேயில் நிழல் 33 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். சாய்வு சுமார் 18½ பாகை. சென்னையில் நிழல் 23 சென்டிமீட்டர். சாய்வு 13 பாகை. கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் அளப்பது தவறு. அன்று உச்சி வேளை சென்னையில் சுமார் 12-16-க்கும், புனேயில் சுமார் 12-42-க்கும் நிகழும். ஆகவே 12 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வருதல் வேண்டும்.