தீர்மானம் போட்டால் குவாரி மூடுமா?

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். பிரிவு, விதி என்று வரும் சங்கதிகளைக் காதில் வாங்கினால் பாதி நிற்காது. அதனால் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை பி.டி.ஓ.வாக ஓய்வு பெற்றவன் நான். தலைவர்கள் வருவதையும் போவதையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். நீ ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறாய் என்றதும் உன் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். நீ அடுத்துச் சொன்னதுதான் உறுத்துகிறது. "ஜெயித்ததும் முதல் கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு அந்தக் கல்குவாரியை மூடிவிடுவேன் மாமா" என்றாய்.

தீர்மானம் போடலாம் தாயி. குவாரி மூடாது.

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள். தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம். அங்கே அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். ஊரில் கொதித்தார்கள், கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானமும் போட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்து டெல்லியில் யாரும் கோப்பை மூடி வைக்கவில்லை. வைகோ உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. எதை வைத்து என்று நினைக்கிறாய்? இடுக்கியில் இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. அப்படியானால் இன்னும் கடுமையான வகையில் வைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரமும் இல்லை. மலை, தெய்வம், தண்ணீர் என்று ஊரார் பேசியதெல்லாம் நியாயம்தான். ஆனால் அன்றைக்குத் தீர்ப்பாயத்தின் கையில் சிக்கியது அந்த 5 கிலோமீட்டர்.

கதை அதோடு முடியவில்லை. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி மறுபடியும் அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்தாலும், காட்டுயிர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஏழு வருஷத்தில் எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறது பார்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று ஒடிசாவில் நடந்தது. நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வந்தது வேதாந்தா. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே மட்டும் ஊர்ச் சொல்லுக்கு எப்படி அந்தப் பலம்? 2006-ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் கிராம சபையைப் பெயர் சொல்லி அழைத்து அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு சட்டம் உன்னைக் கேட்கச் சொல்லியிருந்தால் உன் தீர்மானம் உத்தரவு மாதிரி. எந்தச் சட்டமும் கேட்கச் சொல்லாத இடத்தில் அது சாட்சி. சாட்சியும் பெரிய விஷயம்தான். ஆனால் சாட்சியைச் சாட்சி மாதிரி எழுத வேண்டும்.

உன் குவாரிக்கு வருவோம். குத்தகை கொடுப்பது மாவட்ட ஆட்சியர், 1959-ஆம் வருஷத்துச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி. அதில் உன் ஊராட்சிக்கு ஓட்டு இல்லை. ஆனால் அதே விதிகளில்தான் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் வெட்டக் கூடாது என்றும் இருக்கிறது. ஆகவே, "மக்கள் நலன் கருதிக் குவாரியை மூட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதாதே. அந்த மாதிரித் தீர்மானம் என் மேசைக்குக் கட்டுக் கட்டாக வந்திருக்கிறது. மேலே அனுப்பும்போதே அதன் கதி எங்களுக்குத் தெரியும். குவாரியின் புல எண் என்ன, காலனியின் கடைசி வீடு எந்தப் புல எண்ணில், இரண்டுக்கும் நடுவே சர்வேயர் அளந்தது எத்தனை மீட்டர், வெடி வைத்தது எந்தத் தேதி எந்த நேரம், விரிசல் விட்ட சுவர் எத்தனை, எந்தக் கிணறு எப்போது வற்றியது, இதையெல்லாம் எழுது. நகலைக் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பி ஒப்புகை அட்டையைக் கோப்பில் வை. நாளைக்கு மதுரைக் கிளையில் வக்கீல் எழுந்து நின்றால் அவர் கையில் இருக்கப்போவது இந்தத் தாள்கள்தான்.

குவாரியோடு சேர்ந்த கிரஷர் வேறு கணக்கு. இயந்திரம் வைத்துத் தொழில் நடத்த ஊராட்சி உரிமம் வேண்டும். அங்கே உனக்குப் பிடி இருக்கிறது. பிடி இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு ரத்து செய்தாலும் வம்புதான். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊராட்சி, நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று கோகோ கோலா ஆலையின் உரிமத்தை 2003-இல் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று ஊராட்சியின் பக்கம் சாய்ந்தார். ஆனால் அந்தக் காரணத்துக்காக உரிமத்தையே ரத்து செய்ய முடியாது என்றும் சொன்னார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு, உரிமம் கொடுக்கச் சொல்லிவிட்டது. 2004-இல் நின்ற ஆலை திரும்ப ஓடவில்லை என்பது மக்கள் போராட்டத்தின் பலம். நீ பார்க்க வேண்டியது அந்த நடுப்பகுதியை: நோட்டீஸ் கொடுத்தாயா, பதிலைக் கேட்டாயா, உத்தரவில் காரணம் எழுதினாயா என்றுதான் எந்த நீதிபதியும் முதலில் கேட்பார்.

கிராம சபையையும் ஒழுங்காக நடத்து. வருஷத்துக்கு ஆறு: குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் 100 பேர்; 10,000 வரை 200. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் மறுநாள் கையெழுத்து வாங்கிக் கணக்குக் காட்டும் பழக்கம் உண்டு. அப்படிச் சேர்த்த கையெழுத்து குவாரிக்காரனின் வக்கீலுக்குத்தான் உதவும்.

இனி உன் கழுத்துக்கு வருகிற விஷயம். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். பாதி ஊர்களில் சண்டை இங்கேதான் பிறக்கிறது. உன்னிடம் தோற்ற அணியின் ஆள் துணைத் தலைவராக வந்துவிட்டால், பல்பு வாங்கிய பில்லில்கூடக் கையெழுத்துப் போடாமல் இழுப்பார். அதற்காக அவர் கையெழுத்தை வேறு யாரையும் போடவைக்காதே. அது மோசடி வழக்கு, ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். அவர் மறுப்பதைக் கூட்டத் தீர்மானத்தில் ஏற்றி ஆட்சியருக்கு எழுது. ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். செக் பவரைப் பிடுங்குவதும் அவர்தான், கொடுப்பதும் அவர்தான்.

1994-ஆம் வருஷ ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆம் பிரிவை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள். தலைவரை நீக்குகிற பிரிவு அது. ஆட்சியர் நோட்டீஸ் அனுப்புவார். உன் விளக்கம் திருப்தி இல்லை என்றால் வட்டாட்சியர் உறுப்பினர்களைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்பார். அப்புறம் ஆட்சியர் முடிவெடுப்பார். ஓட்டுப் போட்ட ஆயிரம் பேரும் இந்த வரிசையில் எங்கேயும் வருவதில்லை என்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. காரணம் சொல்லாமல் போட்ட நீக்க உத்தரவுகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. அதற்கு உன் விளக்கம் உருப்படியாக இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்ததும் "அரசியல் பழிவாங்கல்" என்று நாலு வரி எழுதி அனுப்பிய தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ரசீது எண், அளவைப் புத்தகப் பக்கம், தீர்மான எண் போட்டுப் பதில் எழுதியவர்கள்தான் தப்பித்தார்கள். தணிக்கைத் தடைகளையும் அந்தந்த வருஷமே தீர்த்துவிடு.

லஞ்சத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கண்ணில் தலைவரும் பொது ஊழியர்தான். கட்டட அனுமதிக்கும் குடிநீர் இணைப்புக்கும் "தலைவரம்மாவுக்கு" என்று உன் பெயரைச் சொல்லி இன்னொருவர் வாங்கினாலும் ரசாயனப் பொடி தடவிய நோட்டு உன் வாசலுக்கு வந்துதான் நிற்கும்.

புறம்போக்கு விஷயத்தில் அவசரப்படாதே, அசட்டையாகவும் இருக்காதே. பெரியகுளம் வட்டத்தில் வடவீரநாயக்கன்பட்டி, தாமரைக்குளம், கெங்குவார்பட்டிப் பக்கம் அரசு நிலம் நூறு ஏக்கருக்கும் மேல் ஆவணங்களில் தனியார் பெயருக்கு மாறியிருந்தது 2021-இல் வெளியே வந்தது. கோட்டாட்சியர், வட்டாட்சியர் நிலையில் இருந்தவர்கள்கூடப் பணியிடை நீக்கம் ஆனார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நிலம் கம்பிவேலிக்குள் போவதற்கு முன்னால் பதிவேட்டில்தான் போகிறது. ஆகவே பதவி ஏற்ற கையோடு ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற கண்மாய், ஓடை, மந்தை, மயானம் அத்தனைக்கும் 'அ' பதிவேடு நகலும் புலப்பட நகலும் வாங்கி வை. பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை கணினிச் சிட்டாவோடு ஒத்துப்பார்.

கண்மாய் ஆக்கிரமிப்பை எடுக்க ஜே.சி.பி.யோடு நீயே கிளம்பிவிடாதே. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஒன்றியத்துடையது. யாருடையதோ அவர்தான் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து எடுக்க வேண்டும். பொது நிலத்தை ஆக்கிரமித்தவனுக்கே பட்டா போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் கண்டித்தது. அந்தத் தீர்ப்பை உன் கடிதத்தில் குறிப்பிடு. அலுவலர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

மாப்பிள்ளை நல்லவர். ஆனால் தலைவர் நாற்காலியில் அவர் ஒரு நாளும் உட்காரக் கூடாது. இதை நான் சொன்னதாகவே சொல். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியும் பல ஊர்களில் கையெழுத்து மனைவியுடையதாகவும் பேச்சு கணவருடையதாகவும் இருக்கிறது. வழக்கு வரும்போது சம்மன் மனைவிக்குத்தான் வருகிறது.

நாற்காலி என்றதும் இன்னொன்று. மதுரை போகும் வழியில் உசிலம்பட்டியைத் தாண்டும்போது பாப்பாபட்டி, கீரிப்பட்டியை நினைத்துக்கொள். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒருவரை உட்காரவிட 2006 வரை பத்து வருஷம் பிடித்தது. உன் மன்றத்துக்கு வரும் பட்டியல் சாதி உறுப்பினர்களுக்கு மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலி, அதே வரிசை. அவர்களை வேலை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஊர் பெரிய மனுஷர்களுக்குச் சொல்ல உனக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று எழுதினேன்.

2020-இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016-இல் முடிந்தபோதும் மூன்று வருஷத்துக்கு மேல் இப்படித்தான் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அன்றைக்குத் தேர்தல் வழக்கு உயர்நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தது. தேர்தல் அறிவிப்பு வரும் வரை சும்மா இருக்காதே. வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கியைக் கட்டி ரசீதை எடுத்து வை. ஊராட்சி வேலை எதுவும் உன் பெயரில் ஒப்பந்தமாக இருக்கக் கூடாது; இருந்தால் மனுவே தள்ளுபடியாகும். சொத்து விவரத்தில் அரை செண்டு நிலத்தையும் விடாதே. 2019-இல் தேனி மக்களவைத் தொகுதியில் வந்த வெற்றியையே, பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் மறைக்கப்பட்டதாகச் சொல்லி 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் பிறகு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது என்பது வேறு. உச்ச நீதிமன்றம் வரை போக நமக்கு ஏது வசதி?

குவாரிக்கும் காலனிக்கும் நடுவில் சர்வேயரை வைத்து அளக்க இப்போதே மனு கொடு. அதற்குத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. ஊரில் குடியிருந்தால் போதும். அளந்த தாள் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
மாமா