புது ஒயருக்கு 'ரன்னிங்-இன்' உண்டா?

புது பைக் மாதிரி ஸ்பீக்கர் கேபிளையும் 100 மணி நேரம் ஓட்டினால்தான் சத்தம் தெளியும் என்றார் ஒரு கடைக்காரர். நம்பி ஓட்டினேன், திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிப் போச்சு!

1 சதுர மி.மீ. செம்புக் கம்பி 5 மீட்டர் போய்த் திரும்பினால் ரெசிஸ்டென்ஸ் சுமார் 0.17 ஓம். எத்தனை பாட்டு ஓடினாலும் இது மாறாது. சூடேறினால் சற்றுக் கூடும். ஆறினால் பழையபடி ஆகிவிடும்.

ஸ்பீக்கர் விஷயம் வேறு. கோனைத் தாங்கும் ஸ்பைடரும் சர்ரவுண்டும் அசைய அசையக் கொஞ்சம் இளகும். ரெசொனன்ஸ் ஃப்ரீக்வென்சி சற்று இறங்கும். கேபிளில் அசையும் பாகம் ஏது? பழகுவது நம் காதுதான்!

ஆகவே வாங்கிய அன்றே, நீங்கள் பார்க்காமல், பழைய ஒயரையும் புதியதையும் நண்பனை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியலைன்னா உடனே திருப்பிக் கொடுத்துடுங்க!