எலிக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்குமா?

"ரெண்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தா இனிப்புநீர் தீர்ந்துடுமாமே, புள்ளைக்கு இன்னும் ஊசி எதுக்கு?" என்று கேட்கிறீர்கள். ஆராய்ச்சி பொய்யில்லை. ஆனால் தீர்ந்தது எலிக்கு.

தானாகவே இனிப்புநீர் வரும் ஒருவகைச் சுண்டெலியை ஜப்பானில் உருவாக்கி, 1980-ல் அறிவித்தார்கள். நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் வருவதுபோலவே, உடம்பின் காவல் அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழித்துவிடும். சொந்த வீட்டுக் காவல்காரனே வீட்டை இடிப்பது மாதிரி. 2009-ல் வெளியான ஆராய்ச்சியில், சீனியைக் குறைக்கும் மருந்து ஒன்றையும் வயிற்றுப் புளிப்பை அடக்கும் மருந்து ஒன்றையும் இந்த எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்சுலின் அணுக்கள் பெருகின. இரத்தத்தில் சீனி இறங்கியது.

பிறகு அதே வகை ஜோடியை, புதிதாக இந்த நோய் கண்ட சிறுவர்க்கும் இளைஞர்க்கும், இன்சுலின் ஊசியை நிறுத்தாமலே, ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரக்கவில்லை.

மிருகச் சோதனை வீண் என்று சொல்லவில்லை. 1921-ல் டொரோண்டோவில் நாய்களிடம் சோதித்துக் கண்ட இன்சுலின்தான் இன்று உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி.

கிளினிக்கில் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்களே, அவை மனிதரிடம் சோதித்துத் தேறியவை. கடையில் வயிற்று மாத்திரை வாங்கி நீங்களே ஜோடி சேர்க்காதீர்கள். பிள்ளைக்கு ஊசியை நிறுத்திவிட்டு, வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சும் கண்டால், மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.