ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எழுத்தும் ஏறவில்லையா?



தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு ஒன்றில் 8 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மூன்றாம் வகுப்பு. அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக 3 வயதிலேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கரையில் நிற்கும் படகுகளின் பெயர்களைத் தூரத்தில் நின்றே ஒன்று விடாமல் சொல்லுவான். பாடப் புத்தகத்தைத் திறந்தாலோ காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது பாட்டி சொன்னார்: "எய்யா, இவனுக்குத்தான் அந்தக் கோளாறு இருக்கே. பெறவு படிப்பு எங்க ஏறப் போவுது? விட்டுருங்க."

நான் ஒரு படகின் பெயரை வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன். பையன் விழித்தான். அந்தப் பெயரை அவன் அன்றுவரை வாசித்ததே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. படகின் நிறத்தையும் அணியத்தில் வரைந்த படத்தையும் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறான். ஒரு முகத்தைப் பார்த்துப் பேர் சொல்வது போலத்தான் அது.

இந்தக் குழந்தைக்கு ஆட்டிசத்தோடு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடும் இருக்கக்கூடும். ஒன்று தெரிந்துவிட்டதால் மற்றொன்றை யாரும் தேடவில்லை. மூன்று வருடப் படிப்பு வீணாகப் போயிற்று. உங்கள் வீட்டில் அப்படி நேராமல் இருக்கவே இந்தப் பாடம்.

இரண்டும் ஒன்றல்ல

ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதிலும் பேசிப் புரிந்துகொள்வதிலும் உள்ள வேறுபாடு. சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாமல் இருக்கும். அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் அதற்குரிய சத்தத்தையும் மூளை இணைப்பதில் உள்ள சிரமம். புத்திக் குறைவு அல்ல. கண் நோயும் அல்ல. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், நல்ல புத்திசாலியான 14 வயதுப் பையன் ஒருவனுக்கு வாசிக்க மட்டும் வராததைக் கண்டு எழுதி வைத்தார்.

இரண்டும் பிறவியிலேயே அமைபவை. தாயின் வளர்ப்பினால் வருபவை அல்ல. ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கலாம்.

எது எதனால் என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். சரியாகக் காது கேளாத குழந்தைக்கும் எழுத்து ஏறாமல் போகலாம்.

அடுத்து, இடத்தை மாற்றிப் பாருங்கள். வகுப்பில் 40 பேர் இரைச்சலில் புத்தகத்தைத் தள்ளிவிடும் குழந்தை, வீட்டில் அமைதியாக, தனக்குப் பிடித்த பொருளைப் பற்றி ஒழுங்காக வாசிக்கிறதா? அப்படியானால் தொல்லை இரைச்சலால் இருக்கலாம். அமைதியான இடத்திலும், பிடித்த விஷயத்திலும் எழுத்தில் தடுக்கினால் மேலும் கவனியுங்கள்.

பிறகு ஒரு சின்னக் கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டியதில்லை. படத்தைத் தொட்டுக் காட்டினாலும் போதும். வேறொரு நாள் அதே அளவுக் கதையைக் குழந்தையே வாசிக்கட்டும்.

1. கடகடவென்று வாசிக்கிறது, ஆனால் என்ன வாசித்தோம் என்று தெரியவில்லை. இது ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் காணப்படுவது. இவர்களுக்குப் பொருளை விளக்க வேண்டும்.

2. கேட்டால் நன்றாகப் புரிகிறது, வாசிக்கச் சொன்னால் திணறுகிறது. இது டிஸ்லெக்சியாவைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம்.

3. கேட்டாலும் புரியவில்லை, வாசிக்கவும் வரவில்லை. பேச்சு, மொழி, அறிவு வளர்ச்சி எல்லாவற்றையும் டாக்டர் சோதிக்க வேண்டும். இங்கேயும் டிஸ்லெக்சியா மறைந்திருக்கலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நம் கேள்வியே புரியாமல் போகலாம். புரியாததைத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே எதையும் இரண்டு முறை நீங்களே செய்து காட்டிவிட்டு, பிறகு செய்யச் சொல்லுங்கள்.

சிப்பி விளையாட்டு: கரையில் பொறுக்கிய சிப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். "ப-ட-கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு சத்தத்துக்கு ஒன்றாக மூன்று சிப்பிகளை வையுங்கள். அடுத்து "ப-க-ல்". முதல் சிப்பியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? "கல்". ஏழு, எட்டு வயதிலும் இது பிடிபடவில்லையானால் குறித்து வையுங்கள்.

புதுப் படகு விளையாட்டு: எங்கும் இல்லாத பெயர் ஒன்றை எழுதுங்கள். "தபீனு", "லொகமி" என்பது போல. இது புதுப் படகின் பேர் என்று சொல்லி வாசிக்க வையுங்கள். பழகிய சொற்களை மட்டும் படமாக மனத்தில் வைத்திருக்கும் குழந்தை இங்கே நின்றுவிடும்.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை

தமிழில் 247 எழுத்துகள். எல்லாக் குழந்தைகளுக்கும் இவை கைவரச் சில வருடங்கள் ஆகும். "கெ", "கே", "கை" இவற்றில் குறி முன்னால் நிற்கிறது. சத்தமோ பின்னால் வருகிறது. "கொ", "கோ" இவற்றில் இரு பக்கமும் குறி. முதல் வகுப்பில் இவை தடுமாறினால் பயமில்லை. மூன்றாம் வகுப்பு வந்தும், தினமும் சொல்லிக் கொடுத்தும், நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று மறந்துபோனால், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி மிக மெதுவாகவே வாசித்தால் கவனம் தேவை. தமிழில் பிழையைவிட இந்த மந்தமான வேகமே பெரிய அடையாளமாக இருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். "மழை"யைப் பிள்ளை "மளை" என்று எழுதினால் அது குறைபாடு அல்ல. நம்ம ஊர்ப் பேச்சே அப்படித்தான்! அதேபோல, ஆங்கில வழிப் பள்ளியில் ஆங்கிலம் மட்டும் வரவில்லை, தமிழ் சரளமாக வருகிறது என்றால் பழக்கக் குறைவாகவே இருக்கலாம். இரண்டு மொழியிலும் தடுக்கினால்தான் சந்தேகம் வலுக்கும்.

குடும்பத்தையும் விசாரியுங்கள்

டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. அந்தப் பாட்டியிடம் கேட்டேன். "எங்க மாமனாரு முத்துக்குளிச்சவரு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எம் மவனும் மூணாங் கிளாசோட நின்னுட்டான். எழுத்தைப் பார்த்தாலே தலை சுத்துதும்பான்" என்றார்.

மாமனார் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அது வேறு கதை. மகனோ பள்ளிக்குப் போயும் எழுத்து ஏறாதவர். நமக்கு வேண்டிய தகவல் இதுதான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. எழுத்துத் தெரியாமலே கடலில் பிழைத்த காலம் அது. இன்றைக்கு வங்கிப் படிவம், படகு உரிமம், கைபேசியில் வரும் புயல் எச்சரிக்கை எல்லாமே எழுத்துதான். "ஆட்டிசம்தானே, படிச்சு என்ன செய்யப் போறான்" என்று விடுவது பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

எங்கே போவது?

மூன்று மாதம் கவனித்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பழைய பள்ளி நோட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ காட்டுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் நேரே போகலாம். "ஆட்டிசம் இருக்கிறது தெரியும், வாசிப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பழைய சீட்டைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பள்ளியில் தலைமை ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியைக் கேளுங்கள். சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இத்துறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

டிஸ்லெக்சியா சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்கு மேல்தான் கிடைக்கும். ஆனால் உதவி செய்ய 8 வயது வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்த அன்றே சிப்பி விளையாட்டைத் தொடங்கலாம்.

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசமும் இல்லை, கற்றல் குறைபாடும் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் இவை இரண்டும் தனித்தனியே இடம் பெற்றுள்ளன. சான்று இருந்தால் அரசுப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

செய்யக் கூடாதவை

"அடியாத மாடு படியாது" என்பார்கள். குழந்தை மாடு அல்ல. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் தடை செய்கிறது. நூறு தடவை எழுத வைப்பதால் எழுத்து ஏறாது, வெறுப்புத்தான் ஏறும். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மருந்து, டானிக், லேகியம் என்று எதுவும் இல்லை. காசைக் கொட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது

தினமும் 15 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதட்டும். மணல் ஒட்டுவது பிடிக்காத குழந்தைக்குச் சிலேட்டுக் கொடுங்கள். பிள்ளைக்குப் பிடித்தது படகா, ரயிலா, அதையே பாடமாக்குங்கள்.

அமெரிக்காவில் 1947-ல் பிறந்த டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். மூன்றாம் வகுப்பிலும் அவருக்கு வாசிக்க வரவில்லை. தாயார் வீட்டில் உட்கார வைத்து, எழுத்தின் சத்தங்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தே வாசிக்க வைத்தார். அந்தப் பெண் பிற்காலத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார்.

நம்ம பையனுக்கும் இரண்டும் இருப்பது சோதனையில் தெரிந்தது. இப்போது அவன் தினமும் 15 நிமிடம் சிப்பிகளோடு உட்காருகிறான். கட்டிலுக்கு அடியில் போவதில்லை. போன வாரம் ஒரு புதுப் படகின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தானாம். வெகு நேரம் ஆயிற்று என்றார் பாட்டி. ஆகட்டும்.

உங்கள் பிள்ளையின் நோட்டை இன்று மாலையே எடுத்துப் பாருங்கள்.