விலைபோகாத இதழ்

உழவர் நெல்லை விற்று வாழ்கின்றார்; நெசவாளர் ஆடையை விற்று வாழ்கின்றார். வாங்குவோரும் பொருளைக் கண்டு தெளிந்தே வாங்குகின்றனர். ஆனால், மக்களுக்கு நல்லுரை கூறும் இதழ் ஒன்று எதனை விற்று வாழ்வது? எளிய வாழ்வே இனிய வாழ்வு என ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, வேண்டாத பொருள்களை வாங்கத் தூண்டும் விளம்பரத்தை மறுபக்கத்தில் வெளியிட்டுப் பொருள் ஈட்டுவது முறையாகுமா? ஈட்டாவிடில் இதழ் நடைபெறுவது எங்ஙனம்? இவ்வினா இதழ் நடத்துவோர் அனைவர் முன்னும் இன்றும் நிற்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்த் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் இதற்குக் கண்ட விடை நாம் அறிந்து போற்றத்தக்கது.

நேட்டால் நாட்டின் துறைமுக நகரமான டர்பனில், 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் தோன்றியது. மதன்ஜித் என்பவரின் அச்சுக்கூடத்தில் அச்சாகிய அவ்விதழுக்கு மன்சுக்லால் நாசர் ஆசிரியராக இருந்தார். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அது வெளிவந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற தமிழர் அங்கே பெருந்தொகையினராக வாழ்ந்தமையே தமிழ் இடம் பெற்றதற்குக் காரணமாகும்.

தொடக்கம் முதலே இதழின் செலவு வருவாயை விஞ்சி நின்றது. ஜோகன்னஸ்பர்க் நகரில் வழக்கறிஞராக விளங்கிய காந்தியடிகள் தம் வருவாயிலிருந்து அக்குறையை நிரப்பி வந்தார். ஒரு காலத்தில் திங்கள்தோறும் 75 பவுன் அனுப்பவேண்டிய நிலையும் நேர்ந்தது. 1904-ஆம் ஆண்டில் அச்சுக்கூடப் பொறுப்பை ஏற்ற ஆல்பர்ட் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் கணக்குகளை ஆராய்ந்தார். கணக்குகள் ஒழுங்காக இல்லை என்பதையும், எதிர்பார்த்த ஆதாயம் கிடைக்க வழியில்லை என்பதையும் அவர் மறையாது எழுதினார்.

அதனைக் கண்ட காந்தியடிகள் டர்பனுக்குப் புறப்பட்டார். வழியில் படிப்பதற்கென நண்பர் போலக் ஒரு நூலைத் தந்தார். ஜான் ரஸ்கின் எழுதிய அந்நூல் உழைப்பின் உயர்வை விளக்குவது. புகைவண்டியில் இரவெல்லாம் உறங்காது அதனைப் படித்த அடிகள், பொழுது விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில், பீனிக்ஸ் என்னும் இடத்தில், 1,000 பவுன் விலையில் 100 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. ஊற்றும் பழமரங்களும் உடைய அந்நிலத்திற்கு அச்சுக்கூடம் மாறியது. இதழ்ப் பணியாளர் நிலத்தில் பயிரிட்டு உண்பது என்றும், நிறமும் நாடும் கருதாது ஒவ்வொருவரும் திங்களுக்கு 3 பவுன் மட்டுமே பெறுவது என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. வருவாயைப் பெருக்கும் வழி தேடுமுன் தேவையைச் சுருக்கும் வழியை அவர்கள் தேடினர்.

பீனிக்ஸில் முதல் இதழ் அச்சாகிய இரவில் எண்ணெய் எந்திரம் இயங்க மறுத்தது. கையால் சுழற்றும் பெருஞ்சக்கரம் ஒன்று முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. அதனைச் சுற்ற ஒரே வேளையில் நால்வர் வேண்டும். பணியாளரோ களைத்துப் போயிருந்தனர். வீடு கட்ட வந்து அங்கேயே உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களைக் காந்தியடிகள் எழுப்பி உதவி வேண்டினார். அவர்களும் மகிழ்ந்து கைகொடுத்தனர். விடியும்வரை சக்கரம் சுழன்றது. இதழும் உரிய நேரத்தில் வெளியேறிற்று. பிற்காலத்தில் எந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கையுழைப்பாலேயே இதழை அச்சிட்ட காலமும் உண்டு.

இதழின் நேர்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. தமிழ்ப் பகுதியையும் இந்திப் பகுதியையும் செவ்வனே நடத்தத் தக்கவர் கிடைக்கவில்லை. பெயரளவில் அவற்றை நடத்திச் சந்தா பெறுவது படிப்போரை ஏமாற்றுவதாகும் என்று காந்தியடிகள் கருதினார். எனவே, 1906-ஆம் ஆண்டில் அவ்விரு பகுதிகளும் நிறுத்தப்பட்டன. தமிழர்க்கு அஃது இழப்பே. ஆயினும், தரமற்றதைத் தந்து பணம் பெறுவதினும் தர இயலாது என்று வெளிப்படக் கூறுவதே அறம் என அவர் துணிந்தார்.

இனி, விளம்பரத்தைப் பற்றிக் காண்போம். தொடக்கத்தில் இதழில் விளம்பரங்கள் வெளிவந்தன. அச்சுக்கூடமும் பிறருடைய அச்சு வேலைகளை ஏற்றது. ஆனால், நாளடைவில் அதன் தீங்குகள் புலப்பட்டன. எந்த விளம்பரத்தை ஏற்பது, எதனை மறுப்பது என்பது ஓயாத தொல்லையாயிற்று. தகாத விளம்பரமாயினும், தருபவர் செல்வாக்கு மிக்கவராயின் மறுப்பதற்கு மனம் தயங்கியது. விளம்பரம் தேடவும் பாக்கியைத் தண்டவும் நல்ல பணியாளர் அலைய நேர்ந்தது. விளம்பரம் தருவோரைப் புகழ்ந்து பேசவும் வேண்டியிருந்தது.

விளம்பரத்தை விட்டால் இதழே நின்றுபோகக் கூடும். அங்ஙனம் நின்றால், உரிமைக்குப் போராடும் மக்களின் குரல் ஓய்ந்துவிடும். ஆயினும், மக்களுக்காக நடக்கும் இதழை மக்கள் விரும்பினால் அவர்களே தாங்குவர். விரும்பாவிடில் அதனை அவர்கள்மீது சுமத்துதல் தகாது என்று காந்தியடிகள் எண்ணினார். 1912-ஆம் ஆண்டில் விளம்பரங்களும் வெளியார் அச்சு வேலைகளும் கைவிடப்பட்டன. சந்தாவே இதழின் ஊன்றுகோலாயிற்று.

இதழ் அழியவில்லை. அது செழித்திருந்த காலத்தில் ஏறத்தாழ 3,500 படிகள் விலையாயின. எண் சிறிதே எனினும் பற்றுப் பெரிது. உரிய நாளில் இதழ் வந்து சேராவிடில் மக்களிடமிருந்து முறையீடுகள் குவிந்தன. தம் பொருளால் நடப்பதனைத் தம்முடையதென்றே அவர்கள் கருதினர். 1913-ஆம் ஆண்டில் காற்று, நீர், உணவு ஆகியவற்றைக் கொண்டே உடலை ஓம்பும் முறைகளைக் காந்தியடிகள் அவ்விதழில் தொடர்ந்து எழுதினார். மருந்து வணிகர் தரும் விளம்பரப் பணத்தை நம்பிய இதழாயின், மருந்தை நாடாதீர் என்று அச்சமின்றி எழுத இயலுமோ?

1919-ஆம் ஆண்டில் இந்தியாவில் பொறுப்பேற்ற 'யங் இந்தியா', 'நவஜீவன்' ஆகிய இதழ்களிலும் அவர் விளம்பரத்திற்கு இடம் தரவில்லை. அதனால் அவை எதனையும் இழக்கவில்லை. தம் உரிமையைக் காத்துக்கொண்டன என்பதே அவர் கருத்து.

விளம்பரங்கள் யாவும் தீயன என்பது இதன் பொருளன்று. நல்ல பொருளை உள்ளவாறு அறிவிக்கும் விளம்பரம் வாங்குவோர்க்கும் பயன் தருவதே. ஆனால், ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதுவோர், அதனை விற்பவரிடம் கைப்பொருள் பெற்றிருப்பின், அதனைப் படிப்போர்க்கு வெளிப்படையாக உரைத்தல் கடமையாகும். மறைத்துப் பெறும் காசு அறிவுரையையே கறைப்படுத்திவிடும்.

படிப்போர்க்கும் இதில் பங்குண்டு. விலையின்றிக் கிடைக்கும் அறிவுரைக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கின்றார். அவர் யாவர், எதன்பொருட்டுக் கொடுத்தார் என எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை. நமக்காக உண்மை பேசும் இதழுக்கு நம்மால் இயன்ற சிறுதொகையை மனமுவந்து அளிப்போமாயின், அவ்விதழ் பிறரிடம் கையேந்த வேண்டியதில்லை. உண்மையும் விலைபோக வேண்டியதில்லை.