முன்பணம் தரும் முன் காண்ட்ராக்டரைச் சோதிக்க...

வீட்டைப் புதுப்பிக்க லட்சக்கணக்கில் செலவிடப் போகிறீர்களா? முன்பணம் தரும் முன் காண்ட்ராக்டரிடம் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். மொத்தம் 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால் 33 என்று தொடங்கும். அடுத்த 10 இடங்கள் பான் எண்.

ஜிஎஸ்டி இணைய தளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்' என்பதைக் கிளிக் செய்து, எண்ணை டைப் செய்யுங்கள். லாகின் தேவையில்லை. பெயர், முகவரியோடு, 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் 'ஆக்டிவ்' என்று உள்ளதா பாருங்கள். 'கேன்சல்டு' என்றிருந்தால் அவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. (2017 ஜூலை 1 என்ற பதிவுத் தேதியைப் பார்த்துப் புது ஆள் என எண்ண வேண்டாம், ஜிஎஸ்டி பிறந்ததே அன்றுதான்.)

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு மேஸ்திரிக்குப் பொதுவாக இந்த எண் கட்டாயமில்லை. ஆனால் 25 லட்சத்துக்குக் கொட்டேஷன் நீட்டுபவர் "நமக்கு அதெல்லாம் தேவையில்லை சார்" என்றால், நான் அவருக்கு முன்பணம் தர மாட்டேன்.